180,786 வாக்குகள்: 2005 இலங்கை ஜனாதிபதித் தேர்தலின் முடிவைத் தீர்மானித்தது எது?

2005 நவம்பர் 17ஆம் திகதி நடந்த இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் 13 பேர் போட்டியிட்டனர்; போட்டி என்னவோ இருவருக்கிடையேதான். வெற்றிலைச் சின்னத்தில் நின்ற பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ 4,887,152 வாக்குகளையும் (50.29 வீதம்), யானைச் சின்னத்தில் நின்ற எதிர்க்கட்சித் தலைவர் ரணில் விக்ரமசிங்க 4,706,366 வாக்குகளையும் (48.43 வீதம்) பெற்றனர். இடைவெளி 180,786. அதே நாளில், 701,938 வாக்காளர்கள் பதிவாகியிருந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 8,524 பேர். வாக்களிப்பு வீதம் 1.21.

இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்க்கும் எவருக்கும் ஒரு விளக்கம் உடனே கிடைத்துவிடுகிறது: விடுதலைப் புலிகள் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தார்கள், ரணில் தோற்றார். இருபது ஆண்டுகளாகத் தமிழிலும் சிங்களத்திலும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டுவரும் இந்த விளக்கம் பிழையானதல்ல. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், ஒரு வேட்பாளரின் வெற்றி ஏன் வடகிழக்கின் சில இலட்சம் வாக்குகளில் தொங்கிக்கொண்டிருந்தது என்ற கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகிறது. பகிஷ்கரிப்புத்தான் முடிவைப் புரட்டியது என்றே நானும் கருதுகிறேன். அதைப் புரட்டக்கூடிய நிலையில் தேர்தலைக் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் யார் என்பதைச் சேர்த்துப் பார்க்காத வரையில் அந்தத் தோல்வி விளங்காது.

தேர்தல் வந்த விதம்

1999 டிசம்பரில் இரண்டாம் முறையாகத் தெரிவான சந்திரிகா குமாரதுங்க, தமது பதவிக்காலம் 2006இல்தான் முடிவடையும் என்று வாதிட்டுவந்தார். 2005 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல், தேர்தல் அவ்வாண்டே நடைபெற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு வெளிவந்தபோது நாடு மூன்று பெரும் அதிர்ச்சிகளிலிருந்து மீளாமல் இருந்தது: 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா இயக்கத்திலிருந்து பிரிந்தது, 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி, 2005 ஆகஸ்ட் 12இல் வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் சுட்டுக் கொல்லப்பட்டது.

ரணில் 2001 டிசம்பர் முதல் 2004 ஏப்ரல் வரை பிரதமராக இருந்தவர். 2002 பெப்ரவரி 22ஆம் திகதி புலிகளுடன் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர். அந்த உடன்படிக்கை தெற்கிலும் வடக்கிலும் மரணங்களைக் குறைத்தது; ஏ-9 வீதியைத் திறந்தது; யாழ்ப்பாணத்துக்குப் பொருளும் உறவும் தரைவழியாகப் போய்வர வழிசெய்தது. 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சுவார்த்தையை இடைநிறுத்தினர். அவ்வாண்டு இறுதியில் சந்திரிகா மூன்று அமைச்சுகளைத் தம்வசம் எடுத்துக்கொண்டார். 2004 ஏப்ரல் பொதுத்தேர்தலில் ரணிலின் அரசாங்கம் வீழ்ந்தது. சந்திரிகாவின் சுதந்திரக் கட்சியும் சிங்கள இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி.யும் சேர்ந்து அமைத்த ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 105 ஆசனங்களைப் பெற, மஹிந்த பிரதமரானார்.

ஆக, 2005இல் வாக்காளர் முன் நின்றவர்களில் ஒருவர் சமாதானத்தைத் தொடங்கி அதை முடிக்க முடியாமல் போனவர். மற்றவர் அந்தச் சமாதானத்தின்மீது தெற்கில் எழுந்த ஐயத்தைத் தமக்குச் சாதகமாக ஒன்றுதிரட்டக்கூடியவர்.

தெற்கில் நடந்தது

வடக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன் தெற்கைப் பார்க்க வேண்டும். வாக்காளர் தொகையில் மிகப் பெரும் பகுதி அங்கேதான் இருந்தது. ரணில் தம் சொந்தச் செயலால் மாற்றியிருக்கக்கூடிய வாக்குகளும் அங்கேதான் இருந்தன.

மஹிந்த வேட்பாளரானதும் செய்த முதல் பெரிய காரியம், 2005 செப்டெம்பரில் ஜே.வி.பி.யுடனும் பௌத்த பிக்குகள் முன்னின்ற ஜாதிக ஹெல உறுமயவுடனும் ஒரு வார இடைவெளிக்குள் தனித்தனி உடன்படிக்கைகளில் கையெழுத்திட்டதாகும். ஒற்றையாட்சியைப் பேணுவது, போர்நிறுத்த உடன்படிக்கையை மீளாய்வு செய்வது, சுனாமி உதவியைப் பகிர்ந்துகொள்வதற்காகச் சந்திரிகா புலிகளுடன் செய்திருந்த பொதுக் கட்டமைப்பைக் கைவிடுவது ஆகியவை அவற்றின் சாரம். கட்சித் தலைவியான சந்திரிகா இதனால் கடும் அதிருப்தியடைந்தார். பிரசாரம் முழுவதும் அவர் ஒதுங்கியே நின்றார். ஆயினும் வாக்குக் கணக்கில் மஹிந்தவின் தீர்மானம் மிகச் சரியானதாக அமைந்தது. 2001 பொதுத்தேர்தலில் தனித்து நின்ற ஜே.வி.பி. 9.1 வீத வாக்குகளைப் பெற்றிருந்தது. அவ்வாக்குகளைவிடப் பெறுமதி வாய்ந்தது, ஒவ்வொரு கிராமத்திலும் வீடுவீடாக ஏறி இறங்கக்கூடிய அதன் தொண்டர் படை. சுதந்திரக் கட்சியின் ஒழுங்கமைப்பு தலைவியின் பாராமுகத்தால் தளர்ந்திருந்த இடங்களில் ஜே.வி.பி.யின் இளைஞர்களே சுவரொட்டி ஒட்டினர், கூட்டம் சேர்த்தனர், வாக்களிப்பு நிலையங்களில் முகவர்களாக உட்கார்ந்தனர்.

இதற்கு இணையாக மஹிந்தவின் தேர்தல் விஞ்ஞாபனம் விவசாயியின் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய ஒன்றை வாக்களித்தது: 50 கிலோ உர மூட்டை 350 ரூபாய்க்கு. தெற்கின் முடிவை விளங்கிக்கொள்ள இந்த ஒரு வாக்குறுதியை நெருங்கிப் பார்த்தாலே பெரும்பகுதி தெளிந்துவிடும். ஒரு நெற்செய்கையாளருக்கு உரம் என்பது விளைச்சல் கிடைப்பதற்கு மாதங்களுக்கு முன்பே கைக்காசைக் கொடுத்தோ கடன் பட்டோ வாங்க வேண்டிய பொருள். அதன் விலை சந்தையோடு ஏறும். நெல்லின் விலை அறுவடை நேரத்தில் இறங்கும். அந்த இரண்டு விலைகளுக்கிடையே நசுங்கும் குடும்பத்துக்கு, மூட்டையின் விலை இன்னதுதான் என்று எண்ணால் சொன்ன வேட்பாளர் ஒருவர். பொருளாதாரம் வளர்ந்தால் எல்லோருக்கும் நன்மை வரும் என்று விளக்கிய வேட்பாளர் மற்றவர். 2002 முதல் 2004 வரை ரணிலின் அரசாங்கம் அரச வேலைவாய்ப்பை இறுக்கி, செலவைக் குறைத்து, தனியார் துறையை முன்னிறுத்தியது. வட்டி வீதமும் பணவீக்கமும் குறைந்தன, வளர்ச்சி மீண்டது, இவை மெய். ஆனால் அந்த மீட்சி கொழும்பிலும் அதன் சுற்றிலும் கண்ணுக்குத் தெரிந்த அளவுக்கு அனுராதபுரத்துக் குளக்கட்டில் தெரியவில்லை.

மாவட்ட முடிவுகள் இதையே சொல்கின்றன. அம்பாந்தோட்டையில் மஹிந்த 63 வீதத்துக்கு மேலும், மாத்தறையில் ஏறத்தாழ 62 வீதமும், காலியில் 58 வீதத்துக்கு மேலும் பெற்றார். அனுராதபுரம், மொணராகலை போன்ற விவசாய மாவட்டங்களும் அவர் பக்கம் நின்றன. ரணில் கொழும்பு மாவட்டத்தை வென்றார். ஆனால் 51 வீதத்தோடு. ரணிலின் ஐக்கிய தேசியக் கட்சியின் (ஐ.தே.க.) கோட்டை என்று பெயரெடுத்த தலைநகரில் ஒரு ஐ.தே.க. வேட்பாளருக்கு அது போதுமான எண்ணிக்கை அல்ல.

ஒன்றை இங்கே நியாயமாகச் சொல்ல வேண்டும். ரணில் 1999 ஜனாதிபதித் தேர்தலில் பெற்றது 42.71 வீதம், 2005இல் 48.43. அவர் சரிந்துபோன வேட்பாளர் அல்லர், முன்னேறியவர். ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ ஆறு வீதம் ஏறியவருக்கு இன்னும் ஒரு வீதம் எட்டவில்லை. கணக்கைச் சொன்னால், மஹிந்தவுக்குப் போன வாக்குகளில் 90,394 மட்டும் ரணிலுக்கு மாறியிருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும். செல்லுபடியான வாக்கு 9,717,039. அதாவது நூறு வாக்காளரில் ஒருவர் மனம் மாறியிருந்தால் போதும். அந்த ஒருவரைத் தெற்கின் கிராமங்களில் தேடுவதற்கு அவருக்கு 2004 ஏப்ரல் தோல்விக்குப் பிறகு ஒன்றரை ஆண்டு அவகாசம் இருந்தது.

ரணிலின் கூட்டல்

அந்த ஒருவரைத் தெற்கில் தேடாமல் அவர் வேறிடத்தில் தேடினார். மலையகத்தில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் மலையக மக்கள் முன்னணியும் அவரை ஆதரித்தன. நுவரெலியா மாவட்டத்தில் 70 வீதத்துக்கு மேல் அவருக்குக் கிடைத்தது. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் அவருடன் நின்றது. அம்பாறையை உள்ளடக்கிய திகாமடுல்லவில் ஏறத்தாழ 56 வீதமும் திருகோணமலையில் 61 வீதமும் பெற்றார். இந்த இரண்டு சமூகங்களும் அவர் எதிர்பார்த்த அளவுக்கு வாக்களித்தன. மூன்றாவது தூண் வடகிழக்குத் தமிழர்.

வடகிழக்குத் தமிழர் மஹிந்தவுக்கும் ரணிலுக்கும் இடையே எவரைத் தெரிவார்கள் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. ஒற்றையாட்சியை எழுத்தில் உறுதிசெய்தவருக்கும், 2002 டிசம்பரில் ஒஸ்லோவில் சமஷ்டி அமைப்பை ஆராய்வதற்கு இணங்கிய அரசாங்கத்தின் தலைவருக்கும் இடையில் தெரிவு கடினமாக இருந்திருக்க முடியாது. ரணிலின் கணக்கில் அந்த வாக்குகள் ஏற்கனவே வரவு வைக்கப்பட்டிருந்தன. அவை வாக்குப்பெட்டிக்குள் வந்து சேர்வதற்கான பாதை எவர் கையில் இருக்கிறது என்பது மட்டும் கணக்கில் இடம்பெறவில்லை. இந்தத் தேர்தலின் மையமான பிழை என்று நான் கருதுவது இதுதான்: தம்மை விரும்பக்கூடிய ஒரு வாக்காளர் தொகுதி இருப்பதையும், அந்தத் தொகுதி உண்மையில் வாக்களிப்பதையும் அவர் ஒன்றாகவே எடுத்துக்கொண்டார்.

அந்தப் பாதையைத் திறந்து வைத்திருக்க அவர் செய்தது மிகக் குறைவு. தெற்கின் ஐயத்தைக் கிளறிவிடுவோமோ என்ற அச்சத்தில் தமிழர் பிரச்சினைக்கான தீர்வைப் பற்றி அவர் பிரசாரத்தில் அடக்கியே பேசினார். பேச்சுவார்த்தைக் காலத்தில் புலிகளுக்கு எதிராக ஒரு சர்வதேச வலையைப் பின்னியது தமது அரசாங்கமே என்பதைத் தெற்கின் மேடைகளில் ஐ.தே.க. ஒரு சாதனையாக முன்வைத்தது. தேர்தல் நெருங்கிய நாட்களில் அக்கட்சியின் முன்னணியினர் சிலர், கருணாவின் பிளவும் தங்கள் ஆட்சிக்கால உத்தியின் பலனே என்ற பொருள்படப் பேசினர். தெற்கில் நாலு வாக்குச் சேர்க்கச் சொல்லப்பட்ட அந்தப் பேச்சு புலிகளின் தலைமையகம் இருந்த கிளிநொச்சியில் எப்படிக் கேட்டிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒரே வேட்பாளர் தெற்கில் புலிகளைப் பலவீனப்படுத்தியவராகவும் வடக்கில் சமாதானத்தைக் கொண்டுவந்தவராகவும் ஒரே வாரத்தில் தோன்ற முயன்றது, இரண்டு இடத்திலும் நம்பிக்கையை அரித்தது.

நவம்பர் 10 முதல் 17 வரை

தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கையில், நவம்பர் 10ஆம் திகதி, கிளிநொச்சியில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் புலிகளின் அரசியல்துறையினரைச் சந்தித்தனர். அதன் பின் வெளியான நிலைப்பாடு, இந்தத் தேர்தலில் தமிழ் மக்களுக்கு அக்கறை இல்லை என்பதாகும். ‘வாக்களிக்காதீர்கள்’ என்ற வெளிப்படையான கட்டளையாக அது அமையவில்லை. கட்டளையைத் துண்டுப்பிரசுரங்களும், மாணவர் அமைப்புகள், மக்கள் அமைப்புகள் என்ற பெயர்களில் வெளியான அறிக்கைகளும் நிறைவுசெய்தன. வடகிழக்கில் பகிஷ்கரிப்பு புலிகளாலும் அவர்களுடைய சார்பு அமைப்புகளாலும் திணிக்கப்பட்டது என்றே ஐரோப்பிய ஒன்றியத்தின் தேர்தல் கண்காணிப்புக் குழு முடிவுக்கு வந்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெரும்பகுதி 1990களின் நடுப்பகுதியிலிருந்து இராணுவத்தின் கட்டுப்பாட்டில்தான் இருந்தது. அப்படியிருந்தும் அங்கே 98 வீதத்துக்கு மேற்பட்டோர் வீட்டிலேயே இருந்தனர். ஏன் என்பதை வாக்களிப்பின் ஒரு சிறிய விபரத்திலிருந்து ஊகிக்கலாம். இலங்கையில் வாக்களித்தவரின் இடது கைச் சுண்டு விரலில் அழியா மை பூசப்படும். சாதாரண காலத்தில் அது இரட்டை வாக்கைத் தடுக்கும் ஏற்பாடு. பகிஷ்கரிப்பு அறிவிக்கப்பட்ட ஊரில் அது, வாக்களித்தவர் இவர் என்பதை நாட்கணக்கில் ஊரெல்லாம் காட்டிக்கொடுக்கும் சாட்சி. வாக்கு இரகசியமானது, வாக்களித்த செயல் இரகசியமானதல்ல. எவருக்கு வாக்களித்தீர்கள் என்று எவரும் கேட்கத் தேவையில்லாத ஒரு தேர்தலில், வாக்களித்தீர்களா என்ற கேள்விக்கு விரலே பதில் சொல்லிவிடும்.

புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் வாழ்ந்தவர்களின் நிலை இன்னும் இறுக்கமானது. அங்கே வாக்களிப்பு நிலையங்கள் அமைக்கப்படவில்லை. முகமாலை, ஓமந்தை போன்ற நுழைவாயில்களை அடுத்து, அரச கட்டுப்பாட்டுப் பக்கத்தில் அவர்களுக்கெனக் கொத்தணி வாக்களிப்பு நிலையங்கள் ஒதுக்கப்பட்டன. வாக்களிக்க விரும்பும் ஒருவர் புலிகளின் சோதனைச்சாவடியைக் கடந்து, இடைப்பட்ட சூனியப் பிரதேசத்தைக் கடந்து, இராணுவச் சோதனைச்சாவடியைக் கடந்து, மை பூசிய விரலோடு அதே வழியால் திரும்பிவர வேண்டும். அந்தப் பாதையில் ஏறத்தாழ எவரும் வரவில்லை என்று வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இதில் விருப்பமும் கலந்திருந்ததா? ஓரளவுக்கு இருந்தது. ஐம்பது ஆண்டுகளாகக் கொழும்பின் இரு பெரும் கட்சிகளும் கிழித்துப்போட்ட ஒப்பந்தங்களை நினைவில் வைத்திருந்த மக்களுக்கு, யார் வந்தாலும் ஒன்றுதான் என்ற அயர்ச்சி இயல்பானது. அந்த அயர்ச்சியைப் புலிகள் உருவாக்கவில்லை. ஆனால் அயர்ச்சி வாக்களிப்பை முப்பது, நாற்பது வீதத்துக்கு இறக்கும், 1.21 வீதத்துக்கு இறக்காது. போர்க்காலத்தின் நடுவே நடந்த 1999 தேர்தலில்கூட யாழ்ப்பாணத்தில் 19 வீதம் பேர் வாக்களித்திருந்தனர்.

புலிகள் ஏன் அப்படி முடிவெடுத்தார்கள் என்பதற்கு அரசியல் தர்க்கம் ஒன்று இருந்தது. ரணிலின் கீழ் சமாதானம் நீண்டால், சர்வதேச அழுத்தத்துக்குள்ளும் உட்பிளவுகளுக்குள்ளும் தமது இயக்கம் மெல்ல மெல்லக் கரைந்துபோகும் என்று அவர்கள் கணித்திருக்க வேண்டும். கடும்போக்காளர் ஒருவர் தெரிவானால் நிலைமை தெளிவாகிவிடும் என்பது அதன் மறுபக்கம். தேர்தல் முடிந்து பத்து நாட்களின் பின் நிகழ்த்திய மாவீரர் நாள் உரையில் பிரபாகரன் புதிய ஜனாதிபதியை யதார்த்தவாதியாகக் கருதப்படுபவர் என்று குறிப்பிட்டு, நியாயமான தீர்வு விரைவில் முன்வைக்கப்படாவிட்டால் அடுத்த ஆண்டு போராட்டம் தீவிரமாகும் என்று அறிவித்தார். 2006இல் போர் மீண்டது. 2009 மே மாதத்தில் அது முடிந்த விதத்தைத் தமிழ் வாசகர்களுக்கு எடுத்துச்சொல்லத் தேவையில்லை. வாக்களிக்கும் உரிமையைத் தன் சார்பில் வேறொருவர் வைத்துக்கொண்ட ஒரு சமூகம், அதன் விளைவை மட்டும் தானே தாங்க வேண்டியிருந்தது. இதை எழுதும்போது என்னால் விலகி நின்று பார்க்க முடியவில்லை.

வாக்களித்திருந்தால்?

இலங்கையில் ஜனாதிபதியாகத் தெரிவாவதற்குச் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் வேண்டும். எவருக்கும் அது கிடைக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர்த்து ஏனையோரின் வாக்குச்சீட்டுகளில் உள்ள இரண்டாம், மூன்றாம் விருப்பத் தெரிவுகள் எண்ணப்படும். 2005இல் மஹிந்த அந்தப் பாதி என்ற எல்லையைத் தாண்டியது 28,632 வாக்குகளால் மட்டுமே. ஏனைய வேட்பாளர்களுக்கு மேலதிகமாக 57,265 செல்லுபடியான வாக்குகள் விழுந்திருந்தால் அவர் பாதியைத் தாண்டியிருக்க முடியாது. 2024இல் முதன்முறையாக நடந்த இரண்டாம் விருப்ப எண்ணிக்கை 2005இலேயே நடந்திருக்கும். ஆயினும் அது ரணிலின் வெற்றியாகியிருக்காது. சிறிய வேட்பாளர்கள் பதினொருவரும் சேர்ந்து பெற்றது 123,521 வாக்குகள்தான். ரணில் வெல்வதற்குக் கிட்டத்தட்ட முழு இடைவெளியையும் வடகிழக்கே நிரப்பியிருக்க வேண்டும்.

நிரப்பியிருக்குமா? 2004 ஏப்ரல் பொதுத்தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ 305,000 பேர் வாக்களித்தனர். 2005இலும் அதே அளவு பேர் வந்திருந்தால் மேலதிகமாக 296,000 வாக்குகள். அன்று அங்கே வாக்களித்த சிறு தொகையினரில் 70 வீதம் ரணிலுக்கும் 25 வீதம் மஹிந்தவுக்கும் போனது. அதே விகிதத்தையும் அதே நிராகரிப்பு வீதத்தையும் வைத்துக்கொண்டால் ரணிலுக்குக் கிடைக்கும் நிகர இலாபம் 124,000 அளவில் வரும். இது 180,786க்கு எட்டாது. யாழ்ப்பாணம் மட்டும் வாக்களித்திருந்தால் ரணில் வென்றிருப்பார் என்று வழக்கமாகச் சொல்லப்படுவது இந்தக் கணக்கில் நிற்கவில்லை.

வன்னியில் அன்றைய வாக்களிப்பு 34 வீதம். 2004இல் அது மூன்றில் இரண்டு பங்கு. அந்த அளவுக்கு ஏறியிருந்தால் இன்னும் 45,000 வரை சேர்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்தும் சற்றுக் குறைகிறது. மட்டக்களப்பில் 2004இல் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வாக்களித்திருக்க, 2005இல் பாதிக்கும் குறைவானோரே, 48.5 வீதத்தினர், வாக்களித்தனர். விடுபட்டோரில் மிகப் பெரும்பாலோர் தமிழர். அங்கிருந்து ஏறக்குறைய 60,000. இம்மூன்றும் சேரும்போதுதான் தொகை 230,000ஐ நெருங்கி இடைவெளியைத் தாண்டுகிறது.

இந்தக் கணக்கில் இரண்டு திருத்தங்கள் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. 2004 வாக்களிப்பில் ஆள்மாறாட்டம் பற்றிய முறைப்பாடுகள் வடகிழக்கில் பரவலாக எழுந்தன. ஆகவே அந்த எண்ணிக்கையை முழுதாக நம்ப முடியாது. மறுபுறம், பகிஷ்கரிப்பை மீறி 2005இல் வாக்களித்த சிறு தொகையினரில் மஹிந்தவை ஆதரித்த தமிழ்க் கட்சியான ஈ.பி.டி.பி.யின் ஆதரவாளர்கள் அளவுக்கு மீறி இருந்திருப்பார்கள். பொதுமக்கள் வந்திருந்தால் ரணிலின் பங்கு இன்னும் உயர்ந்திருக்கும். இரண்டையும் நிறுத்துப் பார்க்கையில், வடகிழக்கு இயல்பாக வாக்களித்திருந்தால் ரணில் பெரும்பாலும் வென்றிருப்பார், ஆனால் மிகக் குறுகிய இடைவெளியில்தான் என்று என்னால் சொல்ல முடிகிறது. இதைவிட உறுதியாகச் சொல்பவர்கள் எண்களைத் தாண்டிப் பேசுகிறார்கள்.

வடக்கு ரணிலுக்குத் திரண்டு வாக்களிக்கப் போகிறது என்று தெரிந்திருந்தால் தெற்கு இன்னும் கடுமையாக மஹிந்த பக்கம் திரண்டிருக்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புலிகள் ரணிலை வெளிப்படையாக ஆதரித்திருந்தால் அப்படி நடந்திருக்கும். அவர்கள் மௌனமாக இருந்து, மக்கள் தாமாகவே வாக்களித்திருந்தால், கடைசி ஒரு வாரத்தில் தெற்கின் மனநிலை பெரிதாக மாறியிருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. ரணிலைப் புலிகளுக்கு விட்டுக்கொடுப்பவராகக் காட்டும் பிரசாரம் அதற்குள் தன் வேலையை முடித்திருந்தது.

பணம் கைமாறியதா என்ற கேள்வியை முற்றாகத் தவிர்க்க முடியாது. பகிஷ்கரிப்புக்காக மஹிந்த தரப்பிலிருந்து புலிகளுக்குப் பணம் போனது என்ற குற்றச்சாட்டு பின்னர் நாடாளுமன்றத்திலும் வெளியிலும் எழுந்தது. மஹிந்தவின் 2005 பிரசாரத்தை வழிநடத்திப் பின் அவரோடு முரண்பட்டு வெளியேறிய மங்கள சமரவீரவும் அதை முன்வைத்தவர்களுள் ஒருவர். மஹிந்த தரப்பு அதை மறுத்தது. எந்த நீதிமன்றத்திலும் அது நிரூபிக்கப்படவில்லை. அது உண்மையாக இருந்தாலும்கூட முடிவை விளக்குவதற்கு அது அவசியமில்லை. புலிகள் பகிஷ்கரிப்பை விரும்புவதற்கு அவர்களுடைய சொந்த அரசியல் காரணங்களே போதுமானவையாக இருந்தன.

முடிவு வெளியானதும் ஐ.தே.க. வடக்கில் மறுவாக்களிப்பு நடத்தக் கோரியது. தேர்தல் ஆணையாளர் தயானந்த திசாநாயக்க அதை ஏற்கவில்லை. நவம்பர் 19ஆம் திகதி மஹிந்த பதவியேற்றார்.

2015

வடக்கின் வாக்கும் ஜனாதிபதித் தேர்தல் முடிவும் மீண்டும் நேருக்கு நேர் சந்தித்தது 2015 ஜனவரி 8ஆம் திகதி. இம்முறை தோற்றவர் மஹிந்த. மைத்திரிபால சிறிசேன 6,217,162 வாக்குகளும் மஹிந்த 5,768,090 வாக்குகளும் பெற்றனர். யாழ்ப்பாணத்தில் 66 வீதம் பேர் வாக்களித்தனர். சிறிசேன 253,574, மஹிந்த 74,454. அந்த ஒரு மாவட்டம் கொடுத்த முன்னிலை 179,120. 2005இல் ரணிலுக்குக் குறைந்த தொகைக்கு 1,666 வாக்குகள் மட்டுமே குறைவு. வன்னியில் இருந்து இன்னும் ஒரு இலட்சத்துக்கு மேல் வந்தது.

வேறுபாடு வடக்கில் மட்டும் இல்லை. 2015இன் எதிரணி, மஹிந்தவின் சொந்தக் கட்சியின் பொதுச் செயலாளரான சிறிசேனவையே பொது வேட்பாளராக நிறுத்தியது. 2005இல் மஹிந்தவைத் தாங்கிய ஜாதிக ஹெல உறுமயவைத் தன் பக்கம் இழுத்தது. தெற்கின் வாக்குத்தளத்தை உடைத்த பிறகே வடக்கின் வாக்கை எதிர்பார்த்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 2014 டிசம்பர் 30ஆம் திகதி வெளிப்படையாக ஆதரவை அறிவித்தபோது, அதைத் தெற்கில் அச்சமாக விற்க மஹிந்த தரப்பு முயன்றது. போதுமான அளவு விலைபோகவில்லை. தமக்கு எவருடைய வாக்கு வேண்டும் என்பதைப் பொது வேட்பாளரும், அந்த வாக்கு எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதைத் தமிழ்ப் பிரதிநிதிகளும் திறந்த மேடையில் சொன்னார்கள். வாக்காளர்கள் தங்கள் காலால் நடந்துபோய் வாக்களித்தார்கள். அந்த எதிரணியைத் திரட்டியவர்களில் முதன்மையானவர் ரணில் விக்ரமசிங்க. அம்முறை அவர் வேட்பாளராக நிற்கவில்லை.